இதயம் மூன்றாம் மாடியில்

ரிப்னிக் நகர மருத்துவமனையில்
நுரையீரல் தரைத்தளத்தில் இருக்கிறது.
இதயம் மூன்றாம் மாடியில்.
நடுவே செப்டம்பரிலிருந்து பழுதாகி நிற்கும்
ஒரு லிஃப்ட்.

நான் தரைத்தளத்துக்காரி.
என் வேலை ஊதச் சொல்வது.
மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயைக் கையில் கொடுத்து
இழுங்கள், இன்னும், இன்னும்,
இப்போது ஊதுங்கள், விடாதீர்கள், விடாதீர்கள்,
அடிவண்டலையும் வழித்துத் தள்ளுங்கள் என்று
நாளைக்கு இருபது முறை கத்துவது.
முதல் மாதம் பக்கத்து அறைக்காரர்
நான் யாரையோ அடிக்கிறேன் என்றே நினைத்திருந்தார்.

அலோயிசி கோப்பியெட்ஸ், வயது அறுபத்தொன்று.
இருபத்தாறு வருடம் நிலத்துக்கடியில்.
சுரங்க வாத்தியக் குழுவில் டியூபா,
கறுப்புச் சீருடை, தொப்பியில் சிவப்பு இறகு.
"எனக்கே ஊதக் கற்றுத் தருகிறாயா?" என்று சிரித்தார்.
சிரிப்பு இருமலாயிற்று.
அது முடிவதற்குள் நான்
இரண்டு படிவம் நிரப்பிவிட்டேன்.

இரண்டு லிட்டர் நாற்பது.
நான்கை நெருங்கியிருக்க வேண்டிய மனிதர்.
கரி, என்றார் மருத்துவர்.
கரி, என்றாள் மனைவி எல்ஃப்ரிடா.
வேறென்ன சொல்வார்கள்?
ஜனவரியில் இங்கே ஜன்னல் திரையை ஊறவைத்தால்
வாளித் தண்ணீர் சாம்பலாகும்.
எல்லாக் குற்றத்துக்கும் முன்கூட்டியே
கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் கைதி, கரி.

டியூபாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.
ஒரு சவ அடக்கத்தில், நீண்ட சுரத்தின் நடுவில்
இருமல் வந்துவிட்டது.
இறந்தவர் மன்னித்திருப்பார்.
கிளாரினெட்காரர் மன்னிக்கவில்லை.

கையில் பட்டை சுற்றினேன். நூற்றி அறுபத்தெட்டு.
"அதை மேலே பார்த்துக்கொள்வார்கள்" என்று
சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்,
யாரோ மாடியில் வாடகைக்கு இருக்கும்
வேண்டாத உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

மேலே.
ஐம்பத்துநான்கு படி.
இரண்டாம் திருப்பத்தில் எனக்கு மூச்சு முட்டியது,
காதுக்குள் இதயம் கதவைத் தட்டியது.
ஒரு சுவரின் இருபுறமும் இரண்டு குடித்தனம்:
இங்கே குழாயைத் திறந்துவிட்டால்
அங்கே கூடம் நனைகிறது.
இதைப் படித்துத்தான் பாஸானேன்.
தெரிந்துகொண்டது படிக்கட்டில்.

மேல்மாடிக் கோப்பில்:
பிப்ரவரி ஒன்பது, இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை.
கீழ்த்தளக் கோப்பில்:
பிப்ரவரி கடைசி வாரம், வறட்டு இருமல் ஆரம்பம்.

இரண்டையும் மடியில் விரித்துப் படியிலேயே உட்கார்ந்தேன்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
பாவம், பாசிப்பயறு அளவில்
வெள்ளையாக இருந்தது.

டாக்டர் வியெச்சோரெக் கண்ணாடியைக் கழற்றினார்.
"சிலருக்கு இந்த மாத்திரை இருமலைக் கிளப்பும்.
கீழேயிருந்து யாரும் சொல்லவில்லையே."
மேலேயிருந்து யாரும் கேட்கவில்லையே
என்று நான் சொல்லவில்லை.
எனக்கு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது.
வேறு மாத்திரை எழுதினார்.

ஆறு வாரம் கழித்து வந்தார். இருமல் இல்லை.
அழுத்தம் நூற்றி முப்பத்தெட்டு.
ஊதினார், முகம் சிவக்க, நான் கத்தக் கத்த.
இரண்டு லிட்டர் நாற்பது.
ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை.
கரி தன் பங்கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது,
அது செய்யாததற்குத்தான் விடுதலை.

டிசம்பர் நான்கு, புனித பார்பரா நாள்.
விடியுமுன் வாத்தியக் குழு தெருத் தெருவாக
ஊரை எழுப்பிக்கொண்டு வருகிறது.
புகைபோக்கிகள் விட்ட மூட்டத்தில்
இறகுகள் மட்டும் முதலில் தெரிகின்றன.
கடைசி வரிசையில் டியூபா.

பழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
விடாதீர்கள், விடாதீர்கள் என்று
மூடிய ஜன்னலுக்குப் பின்னால் கத்தினேன்.
நான்கில் சுரம் அறுந்தது.
நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்கினார்.

வாங்கட்டும்.